கரையான் பார்த்துக் கொடுத்த பலகை

சமையலறை அலமாரிக்குப் பலகை தேர்ந்தெடுக்க ஐந்து லட்சம் நிபுணர்களை வரவழைத்து, ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் வேலை வாங்கிய ஆள் இந்தச் சங்கரன்கோவிலில் நான் ஒருவன்தான். அத்தனை பேரும் கரையான்கள். அத்தனை பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். யூனியன் ஆபீசில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் நான். அங்கே நாலு பேர் கூடி டீக்குச் சீனி எவ்வளவு என்று ஒருமனதாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஊரில் மற்றவர்கள் என் வயசுக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டினார்கள். பிளைவுட் கடை வைத்திருக்கும் கடையநல்லூர் முகம்மது அப்சல் மட்டும் முகத்துக்கு நேரே சிரித்தார்.

"அண்ணாச்சி, ரிட்டயர்டு ஆனபெறவு உங்க பொய்க்கு மட்டும் புரமோசன் நிக்கவே இல்ல."

அவர் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் அப்போது யாரும் சிரிக்கவில்லை.

முந்தின வருஷம் எங்கள் சமையலறைப் பழைய மர அலமாரியின் கீழ்ப்பெட்டிக்குள் கரையான் புற்று வைத்தது. கோயில் கோபுரத்தைவிட ஒரு நிலைதான் குறைவு என்று நான் சொல்வேன். முழங்கால் உயரம் என்று என் மனைவி காந்திமதி சொல்வாள். கோயிலில் புற்றுமண் எடுத்து நெற்றியில் இட்டு, ஒரு துளி வாயிலும் போட்டுக்கொள்கிற ஊர் இது. இங்கே புற்றை இடிக்க யாரும் துணியமாட்டார்கள். ஆனால் அரிசி டிரம் வரைக்கும் மண் ஏறிவிட்டது. நானே மருந்தை ஊற்றி, கடப்பாரையால் இடித்து அள்ளிப் போட்டேன்.

அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து போன். மகள் மீனலோசினிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது.

காந்திமதி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்பைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொல்லைத் தகரக் கொட்டகையில் வைத்தாள். அதன் பிறகு சமையலறைக்குள் அவள் கால் வைக்கவே இல்லை. உலகத்தில் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லுகிறவன் நான். அந்த ஒரு வருஷத்து மௌனத்தை மட்டும் இருந்தபடி சொன்னாலே போதும், கூட்ட வேண்டியதில்லை.

இப்போது மீனா மறுபடி உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடிந்து தை மாதம் பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். போனில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னுமாம்மா கொல்லைல வச்சுப் பொங்குதிய? பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் தகரத்துக்கடியில உக்காந்தா சாப்பிட முடியும்?"

காந்திமதி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் வந்தாள்.

"அலமாரி செய்யுங்க. ஆனா மருந்து ஒரு சொட்டு விழக்கூடாது. அதையும் தொடக்கூடாது."

'அது' என்றால் கொல்லைச் சுவரோரம் புதிதாக எழும்பியிருந்த புற்று. அம்மன் உள்ளேயிருந்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள் என்பது அவள் எண்ணம். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்சலிடம் போனேன்.

"மருந்தடிக்காட்டா சாதாப் பலகை எதுவும் ஒரு மழை தாங்காது அண்ணாச்சி. கதவுக்கு என்னத்த வேணாலும் போடுங்க, அரிச்சா மாத்திக்கிடலாம். உள்பெட்டிதான் முக்கியம். அதுக்கு இந்தா, மெரைன் பிளை, தண்ணிக்குள்ள கெடந்தாலும் ஊறாத பலகை. கரையான் வாய் வச்சா அதுக்குத்தான் பல்லு போவும்."

"பிவிசி, அந்தப் பிளாஸ்டிக் பலகை?"

"அதுவும் நம்ம கடைலதான் இருக்கு. உங்க வீட்ல ஒத்துக்கிடணுமே?"

ஒத்துக்கொள்ளவில்லை. "பக்கெட்டு செய்யுத சாமான்லயா அரிசி பருப்பு வைப்பாவ?" என்றாள் காந்திமதி.

சரி என்று ஒவ்வொரு ரகத்திலும் உள்ளங்கை அகலத் துண்டு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் அப்சல் கடை சீல் இருந்தது. ஐப்பசி முதல் மழை விட்டதும் புற்றைச் சுற்றி எல்லாவற்றையும் நட்டுவைத்தேன்.

"சாமிக்கே பரீட்சை வைக்கியளா?"

"சாமிக்கில்லட்டி, அப்சலுக்கு."

அவள் சிரிக்கவில்லை. மஞ்சள் தண்ணீரை எடுத்துவந்து எல்லாத் துண்டுகளின் மேலும் தெளித்தாள்.

கார்த்திகை பிறந்ததும் பார்த்தோம். மரத்தூள் பலகை இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. மெரைன் பிளையைச் செம்மண் போர்த்திச் சுவராகவே எழுப்பியிருந்தார்கள் நம் நிபுணர்கள். பிவிசி மட்டும் மழையில் கழுவி எடுத்தது மாதிரி பளிச்சென்று நின்றது. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால், காந்திமதி மெரைன் பிளையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ ஏத்துக்கிட்டா. இந்தப் பலகையிலதான் செய்யணும்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரையான் தின்ற பலகையில் அலமாரி, அடுத்த ஐப்பசியில் உள்ளே மறுபடி புற்று, மறுபடி கடப்பாரை. அப்போது இவள் என்ன ஆவாள்? அது வெறும் பூச்சி என்று சொன்னால் அன்றோடு பேச்சு நிற்கும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கொட்டகையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காந்தி, சாமிக்குப் படைக்கோம். அவ எடுத்துக்கிட்டதையா நாம வீட்டுக்குக் கொண்டு வாரோம்?"

அவள் கரண்டி நின்றது.

"அவ நமக்குன்னு விட்டுவச்சதைத்தானே கொண்டு வாரோம்? மரம் அவ பங்கு. போன தடவ அவ பங்க நாம உள்ள பூட்டி வச்சிருந்தோம், அவ தேடி வந்தா. இந்தத் தடவ அவளுக்கு உள்ளத வெளிய குடுத்துருவோம்."

"கத விடுதிய."

"நான் விடுத கதையில யான வரும், புலி வரும். இதுல அப்படி ஏதாச்சும் வருதா சொல்லு?"

அவள் எழுந்துபோய்ப் புற்றையும் பக்கத்தில் நின்ற பிவிசித் துண்டையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளைக் கலரு வேண்டாம், அழுக்கு தெரியும்" என்றாள்.

மார்கழிக் கடைசியில் வேலை முடிந்தது. உள்பெட்டி முழுக்க பிவிசி, சந்தன நிறம். ஆனால் அவள் உள்ளே போகவில்லை. வாசல்படி வரை வருவாள், எட்டிப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். மீனா வர நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்சல் வேலையைப் பார்க்க வந்தார். நான் விடுவேனா? கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனேன்.

"அஞ்சு லட்சம் பேரு, ஒருமனதா."

"மெரைன் பிளைய தின்னுச்சாக்கும்! வேற எவன் கடைத் துண்டையோ வச்சிட்டு எம்பேரச் சொல்லுதிய." அவர் குனிந்து, சாவிக்கொத்தால் அந்த மண்ணைச் சுரண்டப் போனார்.

"தொட்ராதிங்க தம்பி! அது அவ பங்கு."

குரல் கொட்டகையிலிருந்து வரவில்லை. சமையலறை ஜன்னல் வழியே வந்தது. உள்ளே அலமாரிக் கதவு ஒன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. டப்பாக்கள் அடுக்கும் சத்தம் கேட்டது. நான் அசையாமல் நின்றேன். அசைந்தால் அவள் வெளியே வந்துவிடுவாளோ என்று பயம்.

அப்சல் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டார். முட்டி போட்டு உட்கார்ந்து, மண் உதிர்ந்திருந்த மூலையில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பாதி சீல் தெரிந்தது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நெசமாவே நடந்திருக்கு அண்ணாச்சி," என்றார் தாழ்ந்த குரலில். "எங்கடைப் பலகைதான்."