வாய்க்கால் ஓடும் கண்ணாடி

ஹோட்டல் வரவேற்பறைச் சுவருக்கு "நம்ம ஊர்ல ஏதாவது ஒரு இடம், நல்ல கலர்ஃபுல்லா" ஒரு கண்ணாடிப் படம் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். கண்ணாடியில் படம் செய்து விற்கும் கண்ணாடிக்காரி யோசித்துப் பார்த்தாள். அந்த ஊரில் கலராக இருந்தது சாயப்பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஒன்றுதான். இன்றைக்கு ஊதா, நாளைக்கு மஞ்சள், சில நாள் இரண்டும் கலந்து பெயரே இல்லாத ஒரு நிறம்.

மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள். கண்ணாடித் துண்டுகளை வெட்டி, அடுக்கி, உலையில் உருக்கினாள். முதல் பலகை ஆறும்போதே படீரென்று வெடித்தது. இரண்டாவதில் பச்சை கருத்துப்போனது. விரல்களில் பிளாஸ்டர் ஒட்டாத இடமில்லை, இடுப்பு விட்டுப்போயிற்று.

அந்தச் சாயப்பட்டறையில் காலமெல்லாம் துணி முக்கி எடுத்துவிட்டு, இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலோடு கிடந்த அக்கா திட்டினாள்.

"ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற சாக்கடை. அதைப் போய் செய்றியேடி!"

"வேற என்னக்கா இங்க கலரா இருக்கு?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "ஓரத்துல நுரை வை. நுரை இல்லாம என்ன வாய்க்கால்?" என்றாள்.

மூன்றாவது பலகை தப்பிப் பிழைத்தது. ஹோட்டல் சுவரில் மாட்டிப் பின்னால் விளக்கைப் போட்டதும், வந்தவர்கள் அதன் முன்னால் கூடிவிட்டார்கள். அவர்களில் பட்டறை முதலாளியும் இருந்தார்.

"அடடா! எந்த ஊர் ஏரிம்மா இது?"

அவரைக் கண்டால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். காலையிலிருந்து நின்ற கால் கெஞ்சியது.

"உங்க பட்டறைக்குப் பின்னாடி ஓடுதே, அதான் சார்."

அவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"இவ்வளவு கலரா போகுது?"

"நீங்க பார்த்ததில்லையா?"

"வண்டி முன்கேட்டுலயே நின்னுடும்மா," என்றார், தனக்கே சொல்வதுபோல்.

மேனேஜர் அவளை ஓரங்கட்டினார். "ஏரின்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" மறுநாளே பலகைக்குக் கீழே 'அந்தி நேரத்து ஏரி' என்று பித்தளையில் பெயர் ஏறிவிட்டது. மீதிக் கண்ணாடியை எடுக்கப் போன கண்ணாடிக்காரி அதைப் படித்தாள். சண்டை போடத் தெம்பில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"ஏரியாவே இருந்துட்டுப் போகட்டும், விடு," என்றாள் அக்கா. "நீ சாப்டியா?"

சாப்பிடவில்லை. இரண்டு வாய் போட்டுக்கொண்டு அக்காவின் காலடியில் தலை சாய்த்ததுதான் தெரியும்.