கறுத்த கோபி மஞ்சூரியன்

காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சேலைத் துண்டைக் கையில் கொடுத்து, அதே நிறம் பிசகாமல் வேண்டும் என்றால் சின்ன காஞ்சிபுரத்தில் என் பட்டறைக்குத்தான் வருவார்கள். கடைக்காரர்கள் நூலை விரித்துப் பார்த்ததுமே, ‘இது வசந்த் போட்ட கலரு’ என்பார்கள். நான் பெருமைக்காரன்தான். அதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

அப்படிப்பட்ட என்னை ஒரு காலிஃப்ளவர் படாத பாடு படுத்தியது.

என் மனைவி சந்தியாவுக்கு ஏழாவது மாதம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அஜித் போட்டிருக்கும் வண்டிக்கடையின் கோபி மஞ்சூரியன் என்றால் அவளுக்கு உயிர். மசக்கையில் சோறே பிடிக்காதபோதும் அது மட்டும் இறங்கியது. அந்த நேரம் பார்த்து, சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மைதா கூடாது, சோளமாவு கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடவே கூடாது. இப்படியே போனால் ஊசி போட வேண்டிவரும் என்றும் சொன்னார். சந்தியா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் சாயங்காலமானால் அவள் முகம் வாடிவிடும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கூரத்திலிருந்து வந்த என் மாமியார் மணியம்மாள் விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப்போனார். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது அவர் கட்சி. வளைகாப்பு முடிந்து மகள் தன் வீட்டுக்கு வந்துவிட்டால் தினமும் தானே வாங்கிக் கொடுப்பதாக என் முகத்துக்கு நேராகச் சொன்னார். சொன்னால் செய்கிறவர். வளைகாப்புக்குள் அதே மஞ்சூரியனை உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் நானே செய்து காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மாப்பிள்ளைக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா என்று மகளிடம் கேட்டார். சாயத் தொட்டிக்கு அடியில் எரிவது என்ன, கொசுவர்த்தியா என்று கேட்க நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

தொழில் புத்தி எங்கே போகும்? அஜித் கடையில் ஒரு தட்டு வாங்கிவந்து மாதிரிக்கு வைத்துக்கொண்டேன். காலிஃப்ளவரை இட்லிப் பானையில் வேகவைத்துக் கடலைமாவில் புரட்டி, மிளகாய் விழுதும் பீட்ரூட் சாறும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வெளுக்கும் என்பதால் சாறு கொஞ்சம் தூக்கலாகவே விட்டேன். டியூப்லைட்டில் நிறம் பார்ப்பது எங்கள் தொழிலில் பாவம். தட்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் மாதிரியோடு சேர்த்துப் பிடித்தேன். எது என்னுடையது, எது அஜித்துடையது என்று எனக்கே தெரியவில்லை. எதிர்வீட்டு அகிலா அக்கா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சந்தியா ஒன்றை எடுத்து மென்றாள்.

“கலரு அப்படியே வந்திருக்குதுபா. வாயிலதான் ஒண்ணுமே இல்ல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. நாக்கை விட்டுவிட்டுக் கண்ணை நம்பிச் சமைத்த என் மேல்தான்.

மறுநாள் அஜித் கடைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தலை சுற்றுகிறதா என்று கேட்டு அவன் ஸ்டூலை நகர்த்திப் போட்டான். கண்ணை மூடியபின் எல்லாம் விளங்கியது. இரும்பு வாணலி புகைய, பூண்டு கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு வாசனை எழும்புகிறது. அதன் மேல் புளிப்பு. கடித்தால் மொறுமொறுப்பு. இவ்வளவுதான். சிவப்பு வெறும் பொடி.

அதன்பின் தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அடுப்படிதான். கேழ்வரகு மாவும் கடலைமாவும் கலந்து புரட்டி, பணியாரக் கல்லில் சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டதில் மொறுமொறுப்பு பிடிபட்டது. சுட்ட தக்காளியிலும் துளி வினிகரிலும் புளிப்பு வந்தது. வளைகாப்பு அன்று காலையில்தான் வாணலியைக் காயவிட்டுப் பூண்டைச் சரியான நொடியில் பிடித்தேன். ருசி பார்த்தேன். சாட்சாத் அதேதான்.

நிறம்தான் மானத்தை வாங்கியது. கேழ்வரகு எல்லாவற்றையும் கறுப்பாக்கி, சேற்றுக்கும் புகையிலைக்கும் நடுவில் எதையோ கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பீட்ரூட் விட்டால் நிறம் தேறும், ருசி கெடும். இந்த நிறத்தில் நூல் வந்திருந்தால் வெளியே தலைகாட்ட மாட்டேன். பிறந்ததிலிருந்து ஒரு நிறத்தை விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான்.

கூடத்தில் சந்தியாவுக்கு வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள். முன்னால் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். அவற்றுக்குப் பக்கத்தில், அஜித் கடைப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தார் மாமியார். சிவப்பு பளபளத்தது. நான் என் தட்டைக் கொண்டுபோய் அதனருகில் வைத்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சந்தியா இரண்டையும் பார்த்தாள். கறுப்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அவள் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. இன்னொன்று எடுத்தாள். வளையல்கள் குலுங்கக் குலுங்கத் தட்டில் பாதி காலியானது. பார்சலை அவள் மெல்ல அம்மா பக்கம் தள்ளினாள்.

“இது வேணாம்மா. கூரத்துக்கு வந்தாலும் வேணாம்.”

“அது இன்னாடி அப்படியொரு கலரு?” என்றார் மாமியார்.

“வசந்த் போட்ட கலரும்மா.”

பெரியவர்கள் முன்னால் அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ கல்யாணப் பட்டுக்கு நிறம் போட்டிருக்கிறேன், எதற்கும் என் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

மாமியார் கறுப்பில் ஒன்றைச் சந்தேகமாக எடுத்து மென்றார். இன்னொன்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“கொழந்தைக்குக் காது குத்தும்போது பந்தியில இதையே போட்டுடுங்க மாப்ள.”