உரித்து ஒட்டும் எச்சரிக்கை

பிரான்சின் தியெப் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும், முதல் நிறுத்துமிடத்திலேயே கிளெனிஸ் அளவு நாடாவோடு இறங்கிவிட்டாள். விடிந்தும் விடியாத நேரம். கப்பலில் வந்த மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் நுழைந்து மறைந்துகொண்டிருந்தன. அவள் ஈரத் தரையில் முழங்காலை ஊன்றி, நாடாவின் நுனியைத் தார்ச்சாலையில் வைத்து மேலே இழுத்தாள்.

"தொண்ணூறு. இதுக்குக் கீழ இறங்கக் கூடாது. லைட்டை இங்க அடி, ரோலண்ட். என் மூஞ்சியில இல்ல."

ரோலண்ட் விளக்கைத் திருப்பினார்.

"தரையிலேர்ந்து தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல, நூத்தைம்பதுக்குள்ள. வண்டி மூக்குலேர்ந்து ஒரு மீட்டருக்குள்ள. ரெண்டு பக்கமும் ஸ்டிக்கர் ஒண்ணொண்ணு, பின்னாடி வலது ஓரத்துல ஒண்ணு."

"சரிங்க இன்ஸ்பெக்டரம்மா."

"கிண்டல் பண்ணு. போலீஸ் நிறுத்தினா நீதானே பேசப் போற, எனக்கென்ன."

இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷர் மாவட்டத்தின் எடை அளவுத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். அவள் கடைக்குள் நுழைந்தால் கறிக்கடைக்காரர்கள் தராசிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ரோலண்ட் அதே மாவட்டத்துக்குப் பேருந்து கால அட்டவணை போட்டவர். பேருந்துகள் அவர் தாளில் எழுதியபடி ஒருநாளும் ஓடியதில்லை. அதனால் அவருக்கு எதிலும் அவ்வளவு பிடிவாதம் கிடையாது.

மூன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள எந்த வண்டியும் பிரான்சுக்குள் இந்த ஸ்டிக்கர் இல்லாமல் ஓடக் கூடாது. லாரியின் படம், அதன் இரு பக்கமும் சிவப்பாக விரியும் கதிர்கள், மேலே பிரெஞ்சில் ஒரு வரி: ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத இடங்கள் உண்டு, கவனம். படுக்கையும் அடுப்பும் குளியலறையும் கொண்ட அவர்களுடைய வீட்டு வண்டி நான்கு டன்னைத் தாண்டும். கிளெனிஸ் முதலில் காந்தத் தகடுகளைத்தான் வாங்கி வந்தாள். வண்டியின் உடம்பு முழுக்கக் கண்ணாடியிழை என்பது, வீட்டு வாசலில் வைத்து மூன்றும் மூன்று முறை சறுக்கி விழுந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அதற்குப் பிறகு ரோலண்ட் தானாகவே உரித்து ஒட்டும் வகையைத் தேடி வரவழைத்தார். ஒட்டலாம், உரிக்கலாம், மறுபடி ஒட்டலாம், தடம் விழாது.

"இவ்வளவு அக்கறையா நீ எதையும் வாங்கினதில்லையே" என்றாள் அப்போது.

"பெயின்ட் வீணாயிடும்ல" என்றார்.

காரணம் பெயின்ட் இல்லை. இந்த மூன்று தாள்களும் இல்லாவிட்டால், போகிற போக்கில் பார்க்கிற யாருக்கும் வண்டி மூன்றரை டன்னுக்கு மேல் என்று தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பிப்ரவரியில் அவருக்கு எழுபது முடிந்தது. எழுபதோடு கனமான வண்டி ஓட்டும் உரிமை போய்விடும். மருத்துவர் கண்ணையும் நெஞ்சையும் பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். மருத்துவர் அவருடைய இடக்கண்ணை மூடச் சொன்னார். எழுத்துப் பலகை இருந்த இடத்தில், குளிர்காலத்தில் யாரோ வாய்வைத்து ஊதிய சன்னல்போல ஒரு வெண்மைதான் இருந்தது. "காரு ஓட்டலாம், ஒரு கண்ணு போதும்" என்றார் மருத்துவர். "ஆனா வலப்பக்கம் பாக்கணும்னா தலையை முழுசாத் திருப்பணும். அந்தப் பெரிய வண்டி வேண்டாம்."

ரோலண்ட் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கணினியில் உரிமத்தைக் காருக்கு மட்டும் புதுப்பித்தார். புது அட்டை தபாலில் வந்த அன்று, காலை உணவு மேசையில் அதைக் காட்டி, "வந்துடுச்சு" என்றார். எந்தெந்த வண்டி ஓட்டலாம் என்பது அட்டையின் பின்புறத்தில் இருக்கும். தராசுக்கு அடியில்கூடக் கையை விட்டுத் தடவிப் பார்த்தவள், அந்த அட்டையைத் திருப்பவில்லை. புகைப்படத்தில் அவர் திருடன் மாதிரி இருப்பதாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, ரொட்டியில் ஆரஞ்சு ஜாம் தடவப் போய்விட்டாள்.

ஆறு வாரம் போதும் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரே ஒரு தடவை லுவார் நதியோடு போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்து வண்டியை விற்றுவிடலாம். அவளுக்குத் தெரியவே வேண்டாம். தெரிந்தால் வண்டி மட்டும் போகாது. அந்த அட்டையைத் திருப்பாமல் வைத்தாளே, அதுவும் போய்விடும்.

தெற்கே போகப் போகப் பனி கூடியது. பாப்ளர் மரங்கள் இரண்டு இரண்டாக வெளியே வந்து, பார்த்துவிட்டுப் பின்னால் போயின. வயல்களில் மாடுகள் கால் இல்லாமல் நின்றன. ரோலண்டுக்கு ஓட்டுவதுபோலவே இல்லை. சாலைதான் நகர்ந்து வந்து வண்டிக்கு அடியில் போவதுபோல் இருந்தது. இருவரும் மணிக்கணக்காகப் பேசவில்லை. அவர்களுக்குள் எப்போதுமே பேச்சு குறைவு. அந்த அமைதிக்குள் பல வருடங்களாக அவர் நிம்மதியாகக் குடியிருந்தார். இந்த முறை அதற்குள் ஏதோ ஒன்று மூச்சு விடும் சத்தம் கேட்டது.

மாலையில் வண்டி நின்றதும் முதல் வேலையாக மூன்று ஸ்டிக்கர்களையும் உரித்து, வழவழப்பான தாளில் பதித்து, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் இருந்த சிறு அறைக்குள் வைத்தார்.

"அதை எதுக்குத் தினமும் உரிக்கிற?"

"யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"லாரி படத்தைத் திருடுறதுக்கு பிரான்சுல ஆள் இருக்காங்களா!"

காலையில் அவள் மறுபடி அளந்து ஒட்டினாள். மாலையில் அவர் மறுபடி உரித்தார். மூன்றாம் நாள் நதிக் கரையில் எழுந்தபோது, பனியில் தண்ணீரும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. மணல்திட்டுகள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. கிளெனிஸ் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நாடாவைத் தேடினாள்.

"இன்னைக்கு வேண்டாமே" என்றார் ரோலண்ட். "பக்கத்து ஊரு வரைக்கும்தானே போறோம். ஈரத்துல ஒட்டாது."

அவள் துணியால் வண்டியின் பக்கவாட்டைத் துடைத்தாள். ஒட்டினாள். நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு திரும்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லையே."

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த ஊரில் அன்று சந்தை. தெரு குறுகல். பூக்கடையைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இங்கிலாந்து வண்டி என்பதால் ரோலண்ட் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். நடைபாதை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இடப்பக்கத்தைக் கிளெனிஸ் பார்த்துக்கொண்டாள். "வண்டி வருது... நில்லு... இப்போ போலாம்" என்றாள். அவர் தலையைத் திருப்பாமல், ஐம்பது வருடப் பழக்கத்தில், கண்ணை மட்டும் வலப்பக்கக் கண்ணாடிக்கு ஓட்டினார். அங்கே பனி இருந்தது. எங்கும்தான் பனி. திருப்பினார்.

'டப்' என்று ஒரு சத்தம். பிறகு உள்ளங்கையால் வண்டியை ஓங்கி அறையும் சத்தம்.

பிரேக்கை மிதித்தார். உள்ளே அலமாரியில் தட்டுகள் குலுங்கி ஓய்ந்தன. நடைபாதையில் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதில் கட்டியிருந்த தூண்டில் கழிகளில் ஒன்று இரண்டாக ஒடிந்திருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சுவரைப் பிடித்து எழுந்தார். கையில் சிராய்ப்பு. நேராக ரோலண்டின் சன்னலுக்கு வந்தார். அவருடைய விரல் நுனியில் பாதி மடிந்த ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை உதறிப் பார்த்தார், போகவில்லை.

"இதை ஒட்டிட்டா ஆச்சாய்யா? யாரு மேல வேணா ஏறலாமா?"

"மன்னிச்சிடுங்க" என்றார் ரோலண்ட். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

கிளெனிஸ் இறங்கி, சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். பள்ளியில் படித்த பிரெஞ்சு அவளிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"உங்களுக்கு அடிபட்டிருக்கா? டாக்டர்கிட்ட போலாமா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. தோலு போச்சு, வளர்ந்துடும்." விரலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நீட்டிக் காட்டினார். "இந்தப் படத்தைப் பாத்ததும் நான் நின்னுட்டேன். முட்டாள் இல்ல நான். நின்னு, கண்ணாடியில இவரு முகத்தைப் பாத்தேன். இவரு கண்ணு நேரா என்னைப் பாத்துச்சு. ஆளு நம்மளப் பாத்துட்டாருன்னுதான் வந்தேன். பாத்துட்டே எப்படிம்மா திருப்புவாரு?"

கிளெனிஸ் அவர் சொன்னதை ஆங்கிலத்தில் ரோலண்டுக்குச் சொல்லத் தொடங்கினாள். "உன் கண்ணு அவரைப் பாத்துச்சாம்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ரோலண்டின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கி, அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் விரல்களை ஆட்டினாள். ரோலண்ட் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன செய்கிறாள் என்று, அவள் கை கீழே இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஒடிந்த கழிக்கு ஈடாக எதையும் அந்த மனிதர் வாங்கிக்கொள்ள மறுத்தார். ஸ்டிக்கரை மட்டும் கிளெனிஸின் உள்ளங்கையில் ஒட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

வண்டியைச் சந்தைத் திடலின் ஓரம்வரை அடி அடியாக நகர்த்தினார்கள். அவள் முன்னால் நடந்து கை காட்டினாள். என்ஜின் நின்றதும் கேட்டாள்:

"லைசன்ஸை எடு."

எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிய வேகத்திலேயே பின்புறத்தைத் திருப்பினாள். கட்டங்களின் மேல் விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பிப்ரவரி."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னார்."

"என்கிட்ட நீ என்ன சொன்ன?"

"வந்துடுச்சுன்னேன்."

"ஆமா. வந்துடுச்சு." அட்டையை அவர் மடியில் வைத்தாள். "உன்னைச் சோதிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, ரோலண்ட். ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் சோதிச்சேன்."

கதவைச் சாத்தாமலே நதிப் பக்கம் நடந்து போனாள்.

ரோலண்ட் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் போன இடத்தில் பனி மூடிக்கொண்டது. சந்தைக்காரர்கள் கூடாரங்களைப் பிரித்தார்கள். முட்டைக்கோஸ் இலைகள் தரையில் கிடந்தன. இந்த ஊரில் ரயில் நிலையம் உண்டா என்று யோசித்தார். உண்டு, வழியில் பலகை பார்த்திருந்தார். இடக்கண்ணால். அவள் ஏறிப் போய்விட்டால் தான் இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். அந்த நினைப்பில் வருத்தம்கூட இல்லை; நியாயமாகத்தான் தெரிந்தது. அந்த மனிதர் ஒரு நொடி முந்தி வந்திருந்தால்? சக்கரம் இன்னும் அரைச் சுற்று உருண்டிருந்தால்? நான்கு டன். அந்த எடையை அவர் இதுவரை ஒரு எண்ணாகத்தான் நினைத்திருந்தார்.

வெயில் ஏறி, பனி கிழிந்து, நதியின் ஒரு துண்டு வெளியே தெரிந்த பிறகு அவள் திரும்பி வந்தாள். காலணி முழுக்க மணல்.

"எந்திரி. அந்தப் பக்கம் போ."

"கிளெனிஸ், நீ இதை ஓட்டினதே இல்ல."

"என் லைசன்ஸ்ல இன்னும் நாலு வருஷம் இருக்கு. இன்ஷூரன்ஸ்ல என் பேரும் இருக்கு. வேணும்னா திருப்பிப் பாத்துக்கோ."

அவர் இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினார். அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், கியரை இரண்டு முறை வெறுமனே போட்டுப் பார்த்தாள். முதல் முறை என்ஜின் அணைந்தது. இரண்டாம் முறை வண்டி முயல்போல ஒரு துள்ளு துள்ளியது. மூன்றாம் முறை கிளம்பியது. நதியோரச் சாலையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர். பின்னால் ஏழெட்டுக் கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவர் ஹாரன் அடித்தார்.

"அடிக்கட்டும்" என்றாள்.

"கடலுக்கா போறோம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது. இன்னைக்கு இந்த வண்டி ஒழுங்கா நிக்கணும், அவ்வளவுதான். நாளைக்கு உன்கூடப் பேசுவேனான்னுகூடத் தெரியாது."

அவர் தலையாட்டினார். மறுபடி அமைதி. ஆனால் இப்போது அதற்குள் மூச்சு விட வேறு எதுவும் இல்லை. அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். மணல்திட்டில் நாரைகள் நின்றன. மூன்று மைல், நான்கு மைல் போயிருக்கும்.

"அந்தக் கண்ணுல என்ன தெரியுது?" என்றாள் திடீரென்று.

"ஒண்ணும் பெருசா..."

"பொய் வேண்டாம். மூடிப் பாத்துச் சொல்லு."

ரோலண்ட் உள்ளங்கையால் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். இதை அவர் தனியாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால்தான் இதுவரை செய்திருந்தார்.

"வெளிச்சம் தெரியுது. பால்ல தண்ணி விட்ட மாதிரி. நீ அசைஞ்சா தெரியுது. முகம் இல்ல. உன் சட்டை நிறம் தெரியுது."

"என்ன நிறம்?"

அவர் நெடுநேரம் பார்த்தார்.

"பச்சை."

"நீலம், கிழவா." அவள் பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "கையை எடுக்காதே. இன்னும் சொல்லு."