கழுத்துப் பக்கத்துத் தோல்

...எத்தனை தண்ணீர் மாற்றி ஊறவைத்தாலும் இந்தத் தோலின் நாற்றம் போகாது, மூக்கில் இல்லை, தொண்டைக்குள்ளேயே குடியேறிவிட்டது என்று தங்கையன் காறித் துப்பினான். சாலைக் கடைத்தெருவில் சைக்கிளுக்குத் தோல்சாமான் தைக்கிறவன், இருபது வருஷமாகத் தோலில் பிழைக்கிறவன், அவனுக்கே குமட்டுகிறதென்றால்... இது வெறும் தோலா? ஸ்ரீவராகத்து சேஷன், சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, கன்று செத்ததும் தோலுக்குள் வைக்கோல் திணித்துத் தாய்ப்பசுவின் முன் நிறுத்தி ஐந்து மாதம் பால் கறந்தார், பால் வற்றியதும் வைக்கோலை உதறிவிட்டு, இதில் என் சைக்கிள் சீட்டுக்கு ஒரு உறை தைத்துக் கொடு என்று கொண்டுவந்து போட்டார். பாலையும் குடித்துவிட்டு மேலே ஏறி உட்காரவும் வேண்டுமோ, சீ! ஆனால் முடியாது என்று எப்படிச் சொல்வது, கச்சேரி சைக்கிள்கள் அத்தனையும் அவர் சொல்லித்தானே இங்கே வருகின்றன... முதுகுப் பக்கம் பலகையாய் விறைத்திருந்தது, வயிற்றில் பூச்சி அரித்திருந்தது, மயிரைச் சுரண்டிக்கொண்டே கத்தி கழுத்துக்கு வந்தபோது அங்கே சுரண்ட ஒன்றுமில்லை. வழவழவென்று, பட்டுப்போல. அடடா, உறைக்கு ஆகிற இடம் இதுதான் என்று பெருவிரலால் தடவினான், தடவும்போதே புரிந்தது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தாய்ப்பசு நக்கியிருக்கிறது. ஐந்து மாதம், தினமும், இதே இடத்தில்.

வாசலில் மணி அடித்தது, சைக்கிளைப் பிடித்தபடி சேஷன்.

“என்ன தங்கையா, தைச்சாச்சோ?”

“இல்ல சாமி. எனக்க எருமத்தோல் இருக்கு, அதுல தச்சுத் தாறேன். இத வெட்டக் கை வரல்ல, கேட்டியளா.”

“நன்னாருக்கே! தோல் வெட்டறவனுக்குத் தோலைக் கண்டா அருவருப்போ? செத்த தோலுக்கு வலிக்குமோடா?”

“பசு இப்பவும் கத்துதா சாமி?”

சேஷன் முகம் ஒரு கணம் திரும்பியது. “கத்தறது. அதுக்கென்ன இப்போ? முடியாதுன்னா விடு, வேற ஆளைப் பாத்துக்கறேன். கச்சேரில சொல்லவேண்டியவாகிட்டயும் சொல்றேன். அந்த நாத்தத்தை நீயே வச்சுண்டிரு.”

போய்விட்டார். போகட்டும், கர்த்தர் பார்த்துக்கொள்வார், இப்படிப் பாலைக் குடித்துவிட்டு மிதிக்கிற மனிதரோடு... செத்த தோலுக்கு வலிக்குமோவாம், என்ன வாய், எப்படி வந்தது அந்த வார்த்தை... எங்கே கேட்டோம் இதை? செத்த பிள்ளைக்குச் சட்டை எதற்கு என்று, பங்குனியில், அடுப்படியில் நின்று, அவனேதான் சொன்னான். பெண்டாட்டி ராகேல் பிள்ளையின் அந்தச் சின்னச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு திரிவதைப் பார்க்க அருவருப்பாயிருந்தது, பால் வீச்சமும் அழுக்கும், பிடுங்கி அடுப்பில் போட்டான், அவள் நல்லதற்கென்றுதான் போட்டான். அவள் அழவில்லை. அரிசி களைந்தாள். ஆறிவிட்டாள் என்று நினைத்து, அன்றைக்கு ஜெபத்தில் நன்றி கூடச் சொன்னானே... ஆறித்தான் இருந்தாளா?