செல்லாமல் போன வியாழக்கிழமை

"சித்தி, செத்துப்போன சித்தப்பா வாசல்ல நின்னு செருப்பு கேக்கறாரு. குடுக்கட்டுமா?" என்று ஆறு வயது சிரா கேட்டது, மலாங் இறந்து ஒரு வாரமான வியாழக்கிழமை காலையில். நீமா அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கொடுப்பதற்கில்லை, மூன்றாம் நாளே அவருடைய துணிமணிகளோடு அதையும் தர்மம் கொடுத்தாகிவிட்டது. அதைச் சொல்வதற்காகத்தான் அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில், அடக்கம் செய்தபோது போர்த்திய கபன் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தாடியில் செம்மண்ணோடு, அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தான். மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டான். கடலைக் குழம்பு என்றாள். எலுமிச்சை கூடப் பிழியச் சொன்னான். அவள் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கைகளைக் கழுவிவிட்டபோது, மூடியிருந்த வலது கையிலிருந்து ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு தண்ணீருக்குள் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். அவன் கவனித்தது போலவும் இருந்தது, கவனிக்காதது போலவும் இருந்தது.

அந்த நாட்டில் ஓட்டுப் போடுவது காகிதத்தில் அல்ல. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவரவர் நிறத்தில் ஒரு தகரப் பீப்பாய் உண்டு. அதன் தலையில் இருக்கும் குழாய்க்குள் கோலியைப் போட்டால் உள்ளே தொங்கும் மணியில் பட்டு 'டிங்' என்று கேட்கும். ஒரு ஆளுக்கு ஒரு டிங். இரண்டு கேட்டால் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். சைக்கிள் மணியும் அதே மாதிரி கேட்கும் என்பதால் தேர்தல் நாளில் சாவடிப் பக்கம் சைக்கிள் வரக்கூடாது. அவர்கள் ஊரான கன்குந்தாவில் சைக்கிள் பழுது பார்ப்பவன் மலாங் ஒருவன்தான் என்பதால், ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல் நாள் ஊரிலுள்ள எல்லா மணிகளிலும் கந்தல் அடைப்பது அவன் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக ஆண்ட ஜனாதிபதி ஜெயிப்பதற்காகவே அடைப்பது போல் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வான். இந்த முறை அலுத்துக்கொள்ளவில்லை. தேர்தல் நடந்த போன வியாழக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாகப் போய், எதிர்த்து நின்றவரின் வெள்ளி நிறப் பீப்பாயில் கோலியைப் போட்டான். மணி அடித்தது. வெளியே வந்து மாமரத்தடியில் உட்கார்ந்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

நீமா அப்போது ஆற்றங்கரைத் தோட்டத்தில் இருந்தாள். செய்தி போய் அவள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வரிசையில் நிறைமாதத்தோடு நின்றிருந்த தீதாதான், தன் இடத்தை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவன் உதட்டில் நனைத்தாள், காதில் கலிமா சொன்னாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கே வலி எடுத்ததால் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் ஓட்டுப் போடவே இல்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது.

தீதாவின் புருஷன் சைனே ஜனாதிபதி கட்சியின் ஊர்ப் பொறுப்பாளன். அவன் குடும்பமும் மலாங் குடும்பமும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. சாவு வீட்டிலும் ஏசித்தான் ஆகவேண்டும், அது மரியாதை. மறுநாள் குழி வெட்டியது சைனேதான். வெட்டி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிடா சோத்துமூட்டை, நடிச்சது போதும். தேர்தல் வேலைக்குப் பயந்து செத்த முதல் ஆளு நீதான்" என்று குழிக்குள் பார்த்துக் கத்தினான். அதனால் மலாங் திரும்பி வந்த செய்தி பரவியபோது பாதி ஊர், இது சைனே செய்த ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தது.

நடந்தது வேறு. தோற்றுப்போன ஜனாதிபதி முதலில் சிரித்துக்கொண்டே தோல்வியை ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, மலாங் திரும்பி வந்த அன்றைக்குக் காலையில் வானொலியில் வந்து, தேர்தல் செல்லாது என்றார். பிறகு, எதற்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அது நடந்த வியாழக்கிழமையையும் ரத்து செய்தார். அந்த நொடியிலிருந்து அந்த நாளில் நடந்ததெல்லாம் நடக்காததாகிவிட்டது. அன்று பிடித்த மீன்கள் ஆற்றுக்குத் திரும்பின. அன்று பிடுங்கிய கடைவாய்ப் பல் பழைய வலியோடு அதே ஈறில் வந்து உட்கார்ந்தது. அன்று அறுத்த ஆடு ஒன்று எழுந்து நடந்துபோய், தன் தோல் காய்ந்துகொண்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அன்று விவாகரத்தான ஒரு தம்பதி ஒரே பாயில் கண்விழித்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள், பிறகு தேநீர் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் எல்லோருடைய கையிலும் அவரவர் கோலி திரும்பி வந்திருந்தது. அன்றைய ஐந்து வேளைத் தொழுகை என்ன ஆயிற்று என்று சிலர் கவலையோடு கேட்டார்கள். "தொழுகை அவர் இலாகாவுல இல்லப்பா. போன எடத்துல பத்திரமா இருக்கு" என்றார் இமாம்.

சைனே வீட்டில் அந்நேரம் பெயர் சூட்டும் விழா. குழந்தையின் தலையை மழித்துக்கொண்டிருந்தார்கள். பாதித் தலை மழித்திருந்தபோது வானொலி பேசியது. மழித்துக்கொண்டிருந்த கிழவியின் மடி காலியானது. தீதாவின் வயிறு பழையபடி நிறைந்தது. குழந்தை உள்ளே உதைத்தது, உயிரோடுதான் இருந்தது, ஆனால் பிறப்பதற்கு அதற்கு நாள் இல்லை. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, இது போல் தான் பார்த்ததில்லை என்றும், கஞ்சியில் உப்பைக் குறைக்கும்படியும் சொன்னாள்.

அன்று மாலை முகம் செத்துப்போய் சைனே மலாங் வீட்டுக்கு வந்தான். ஆனாலும் முறையை விடவில்லை.

"ஏன்டா சோத்துமூட்டை, அங்க சாப்பாடு சரியில்லையா? ஒரு வாரத்துல வந்துட்ட?"

"நீ வெட்டுன குழி கோணல்டா. காலை நீட்ட முடியல" என்றான் மலாங். பிறகு குரலைத் தணித்து, "தீதா எப்படி இருக்கா?" என்றான்.

சைனே அழுதான். அவன் போட்டிருந்த சட்டையில் அச்சடித்திருந்த ஜனாதிபதியின் முகம் நனைந்தது.

அதற்குப் பிறகு கன்குந்தாவில் அரசியல் தலைகீழானது. ஊர் மரத்தடியில் மூன்று சுற்றுத் தேநீர் முடிவதற்குள் சைனே, "எண்ணினது எண்ணினதுதான்! தோத்த மனுசன் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே! எம்புள்ளைய வெளிய விடச் சொல்லுங்க" என்று, ஜனாதிபதி படம் போட்ட சட்டையோடேயே கத்துவான். மலாங்கைப் பார்த்து மற்றவர்கள், "நீ இப்ப அவர் கட்சிதானேப்பா? உசுர் குடுத்த புண்ணியவான் ஆச்சே" என்று சீண்டுவார்கள். "உசுர் குடுத்தாருன்னு ஓட்டை மாத்திக்க முடியுமா? போட்டது போட்டதுதான்" என்பான் அவன். தன்னுடைய சட்டையைத் தர்மமாக வாங்கிப் போட்டிருந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால், பொத்தான் ஒன்று தளர்ந்திருப்பதை மட்டும் ஞாபகப்படுத்துவான். காலியாகக் கிடந்த தன் குழிக்குள் ஆடுகள் விழுந்ததால் அதைச் சுற்றி முள்வேலி கட்டினான். மூடிவிடலாமே என்றதற்கு, "இன்னொரு தடவை வெட்டச் சொல்லி சைனேகிட்ட யாரு கெஞ்சறது?" என்றான்.

அவன் சாவதற்கு முன்பு தினமும் ஜனாதிபதியைத் திட்டிவிட்டுத்தான் தேநீர் குடிப்பான், அவளும் ஆமாம் போடுவாள். அதே நீமா இப்போது ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி அவருக்கு நீண்ட ஆயுளையும் அசையாத நாற்காலியையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் வெட்கமாக இருக்கும். கொல்லையில் அவன் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டதும் வெட்கம் போய்விடும்.

அவள் துஆ பலிக்கவில்லை. சில நாட்கள் நாட்டுக்கு இரண்டு ஜனாதிபதிகள் இருந்தார்கள். வானொலி காலையில் இருவருக்கும் வணக்கம் சொன்னது. யாருக்கு வரி கட்டுவது என்று தெரியாததால் சந்தையில் வெங்காயம் மலிந்தது. அண்டை நாட்டுப் படைகள் எல்லையில் வந்து நின்றன. பழையவர் யோசித்து, பேரம் பேசி, கார்களையும் கட்டில்களையும் ஏற்றிக்கொண்டு விமானத்தில் போனார். புதியவர் வந்து வியாழக்கிழமை செல்லும் என்று அறிவித்தார். ஆனால் ஒரு நாள் ரத்தாவது போல அவ்வளவு சுலபமாகத் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு ஊரும் தன் கோலிகளைப் பழைய பீப்பாய்களில் மறுபடி போடவேண்டும்; கடைசிக் கோலி விழுந்ததும் அந்த ஊருக்கு வியாழக்கிழமை வந்துசேரும். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. மீன்கள் கரையேறின, பல்வலிக்காரர் சிரித்தார்.

கன்குந்தாவில் ஒரு கோலி குறைந்தது.

தேர்தல் அதிகாரி பீப்பாய்களைப் பள்ளிக்கூடத்து அறையில் வைத்துவிட்டு, குறைகிற கோலியைக் கேட்டுத் தினமும் கூவிக்கொண்டு காத்திருந்தார். நாளுக்கு நாள் அவர் குரல் கம்மியது. சாவடி திறந்தே இருந்ததால் ஊருக்குள் சைக்கிள் விடவும் தடை நீடித்தது. ஊரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தது. தன் கோலி ஆற்றில் விழுந்துவிட்டதோ என்று எல்லோரும் அவரவர் கையைச் சந்தேகப்பட்டார்கள். மலாங்கிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. சைனேவுக்கும் வரவில்லை. அவன் வந்து உட்கார்ந்து, "குழிய நேராக்கி வைக்கட்டுமாடா?" என்று கேலி செய்ய ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, எழுந்து போனான்.

நீமா ஒரு நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு தீதாவைப் பார்க்கப் போனாள். தீதாவின் கால்கள் வீங்கியிருந்தன, உதடு வெளுத்திருந்தது. வயிற்றின் மேல் ஒரு கம்பளித் துணியைச் சுற்றியிருந்தாள். "பாதித் தலை மழிச்சதோட உள்ள போயிட்டாளேக்கா. குளிருமேன்னுதான்" என்றாள். இனி அதிக நாள் தாங்காது என்று மருத்துவச்சி சொல்லியிருந்ததை மாமியார் வாசலிலேயே நீமாவிடம் சொல்லியிருந்தாள். தீதா கேட்டது வேறு.

"அண்ணன் நல்லா சாப்பிடறாராக்கா?"

"சாப்பிடறாரு."

"அன்னைக்கு ஒரு வாய்த் தண்ணிதான் குடிச்சாரு. இன்னும் குடுத்திருக்கலாமோன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. எம்புள்ள உள்ளதான இருக்கா, எங்க போயிடப்போறா."

நீமா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேரும்வரை அதில் கஞ்சி அப்படியே இருந்ததைக் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவள் கடலைக் குழம்பு வைத்து எலுமிச்சை கூடப் பிழிந்தாள். மலாங் வழித்துச் சாப்பிட்டான். அவன் கை கழுவும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"உங்க கோலி எங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

"நான் ஒரு தடவை போட்டுட்டேன். மறுபடி போட்டா அது கள்ள ஓட்டு" என்றான் அவன். கையைத் துடைத்துக்கொண்டான். "மத்தபடி அரிசிப்பானை எப்பவும் உன் பொறுப்புதானே. நான் என்னைக்கு அதுல தலையிட்டிருக்கேன்?"

அவள் அழுதாள். அவன் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, குழம்பு நன்றாக இருந்தது என்று சொன்னான். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போகிறேன் என்று குளித்தவன், இன்றைக்கு வீட்டிலேயே தொழுகிறேன் என்று பாயை விரித்தான்.

அன்று பகல் தொழுகை முடிந்து திரும்பியவர்கள் பாயின் மேல் அவனைக் கண்டார்கள். தொப்பி நேராக இருந்தது. இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை ஒருமுறை தொழுதாகிவிட்டது, அது ரத்தாகவில்லை, மறுபடி தேவையில்லை என்றார் இமாம். அதே குழிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும் வழியில், மகள் பிறந்துவிட்டாள், தாயும் பிள்ளையும் நலம் என்று ஆள் ஓடிவந்து சைனேவிடம் சொன்னான். சைனே பாடையை விடாமல் ஒரு தோளால் சுமந்துகொண்டே சிரித்தான், அழுதான், குழிக்குள் இறங்கி அவனைப் படுக்க வைத்துவிட்டு, "இந்தத் தடவையாவது ஒழுங்காப் படு, சோத்துமூட்டை" என்றான். அறுத்த ஆடு மறுபடி குழம்பாயிற்று. விவாகரத்தானவர்கள் பிரிந்து போகவேண்டியதாயிற்று, ஆனால் போகவில்லை. தேர்தல் அதிகாரி சாயங்காலம் எண்ணிப் பார்த்துக் கணக்கு சரியாக இருக்கக் கண்டு, இத்தனை நாளும் தான் தப்பாக எண்ணியதாக மேலிடத்துக்கு மன்னிப்பு எழுதினார். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. சைக்கிள் மணிகளிலிருந்து கந்தல்களை அவரவரே பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பகலில், ஊரே பள்ளிவாசலில் இருந்தபோது, தெருவில் வெயில் மட்டும்தான் இருந்தது. நீமா கையில் ஒட்டியிருந்த அரிசித் தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அதிகாரியும் தொழப் போயிருந்தார். கதவு திறந்து கிடந்தது. வெள்ளி நிறப் பீப்பாயின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி, குழாய்க்குள் கோலியை விட்டாள். மணி ஒருமுறை அடித்தது. அந்தச் சத்தம் தகரத்துக்குள் சுற்றிச் சுற்றி அடங்கும்வரை உள்ளங்கையைப் பீப்பாயின் மேல் வைத்திருந்தாள்.

"தீதா, அந்தத் தண்ணிக்கு" என்றாள், அறையில் யாரும் இல்லாதபோது. வெளியே வந்து, ஆடுகள் உள்ளே போகாமலிருக்கக் கதவைச் சாத்தினாள்.