வெள்ளிக்கிழமைப் பச்சை

ஹைதர் அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை என்றால் கடையின் இணையதளம் பச்சையாக இருந்தாக வேண்டும். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் முன் அவரே ஃபோனில் நிறத்தை மாற்றிவிடுவார். தீவில், ஜார்ஜ் டவுனில், நாசி கண்டார் என்னும் கறிச்சோறு விற்கும் மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை? ஆனால் அந்த வசதியைச் செய்து கொடுத்தவளே, தளத்தைப் பராமரிக்கும் சுஹானாதான். யாரை நொந்துகொள்வது?

நிறம் மாறியதும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டைக் கருவி ஒன்று முழுதாகப் புதிதாக எழுதும். அதில் சில வரிகள் அரதப் பழசு. தளத்தைத் தாங்கும் ஃப்ரேம்வொர்க்கின் புதிய பதிப்பு அவற்றை ஏற்காது. உடனே ஆர்டர் பட்டன் மாயம். சுஹானா அடித்துப் பிடித்து லேப்டாப்பைத் திறந்து அந்த வரிகளைக் கையால் நீக்குவாள். அடுத்த வெள்ளி, கருவி அவற்றையே மறுபடி எழுதி வைக்கும். பெருக்கிய இடத்திலேயே குப்பை போடுகிறவனோடு குடித்தனம் நடத்துவது போலத்தான்.

தங்கை மஹ்பூபாவின் நிச்சயதார்த்தமும் வெள்ளிக்கிழமை வந்தது. சுஹானா அதை அடுக்களைப் படியில் லேப்டாப்போடு கழித்தாள். நிக்காஹுக்கும் அதே கிழமையைக் குறித்தார்கள்.

"அன்னிக்கும் லேப்டாப்போட வர்றதா இருந்தா, நீ வரவே வேணாம் அக்கா," என்று மஹ்பூபா அழுதேவிட்டாள். சுஹானாவுக்குச் சுருக்கென்றது.

அந்த வாரமே ஒரு சின்ன நிரல் எழுதினாள். கருவி எழுதி முடித்ததும், கோப்பு தளத்துக்குப் போகும் முன், ஆகாத வரிகளை அது தானே களைந்துவிடும். முதல் முயற்சியில் பட்டனையும் சேர்த்துக் களைந்தது. திட்டிக்கொண்டே திருத்தினாள். ஹைதர் அண்ணன் பெருநாளுக்குப் போடும் நிறங்களைக்கூட விடாமல் சோதித்தாள். இந்தப் புத்தி முன்பே வந்திருக்கக் கூடாதா!

தீவிலிருந்து கடல் தாண்டி, புக்கிட் மெர்தாஜாமில், ஜும்ஆவுக்கு முன்னாலேயே நிக்காஹ். பெண்கள் பக்கம் தங்கையின் அருகில் அமர்ந்திருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. ஹைதர் அண்ணன்தான். சுஹானா பயந்துகொண்டே திறந்தாள்.

'பச்சை போட்டாச்சு தங்கச்சி. பட்டன் இருக்கு லா. ஆர்டர் வந்துகிட்டே இருக்கு. நீ நல்லா பிரியாணி சாப்பிடு.'

அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். கண்கூடக் கலங்கியது.

மஹ்பூபா அவள் முகத்தையே பார்த்தாள். "போகணுமா அக்கா?"

"இல்லடி."

"லேப்டாப் எங்கே?"

"ஆபீஸ்ல. கடலுக்கு அந்தப் பக்கம்."

மருதாணிக் கையால் அக்காவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள் மஹ்பூபா. கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோதுதான் விட்டாள்.