குளத்துக்கு வெந்நீர்

விடுமுறைக்கு வாடகைக்கு விடும் அந்த வில்லாவில் தங்கிப் போன யாரோ ஒரு புண்ணியவான், நீச்சல் குளத்துத் தண்ணீர் ஐஸ் கட்டி, கால் வைக்க முடியவில்லை என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எழுதியவருக்கு அரை நிமிட வேலை. படித்த முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. குளத்து நீரைச் சூடாக்கியே தீருவது என்று கிளம்பினார். சூரிய வெயிலில் சூடாக்குவதா, கரண்டில் சூடாக்குவதா என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்த கூத்தில்தான் குளத்துக்காரருக்கு மனிதர்கள் மேலேயே குமட்டல் வந்தது.

குளத்துக்காரர் என்பது அந்த வீட்டார் வைத்த பெயர். ஒன்பது வருஷமாகக் குளத்தைச் சுத்தம் செய்து, மருந்து போட்டு, பம்பைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். சமையலறை அவர் மனைவி பொறுப்பு. இரண்டு பேருக்குமாகப் பின்பக்கம், பம்ப் இருக்கும் இடத்தை ஒட்டி, மொட்டை மாடி போட்ட ஒற்றை அறை. வேறு வீடு வாசல் கிடையாது.

ஒருவருடைய யோக்கியதை தெரிய வேண்டுமானால் அவர் குளித்துவிட்டுப் போன தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. மணக்க மணக்க வந்து இறங்குவார்கள். மறுநாள் காலையில் வலையைப் போட்டு அள்ளினால் முடிக்கற்றை, புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரி, மென்று துப்பிய சூயிங்கம் எல்லாம் வரும். குளத்து ஓரத்து டைல்ஸில் விரல் வைத்தால் உடம்புக்குப் பூசிய எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டும். இடுப்பளவு தண்ணீரில் ஓடி விளையாடிய பிள்ளை திடீரென்று அசையாமல் நின்று வானத்தைப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். பெரிய மனிதர்களும் அப்படி வானத்தைப் பார்ப்பதுண்டு.

"சூடு பண்றதுக்கு என்ன இருக்கு, ஏற்கனவே அங்கங்க சூடாத்தான் இருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். அவள் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சோலார் கட்சிக்குத் தலைவர் முதலாளியின் மச்சான், அதாவது முதலாளியம்மாவின் தம்பி. சோலார் தகடு விற்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருந்தார். கரண்ட் கட்சிக்கு முதலாளியின் சொந்தத் தம்பி. அவருடைய சிநேகிதர் கரண்டில் ஓடும் ஹீட்டர் மெஷின் விற்கிறார். மழைக்காலத்தில் வெயிலை எங்கே போய்க் கடன் வாங்குவது என்று தம்பி கேட்பார். கரண்ட் போனால் விறகு வைத்து எரிப்பதா என்று மச்சான் கேட்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல முதலாளி நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்குமே குளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான் குளத்துக்காரருக்கு எரிச்சல். எப்படிச் சூடாக்கினாலும் ராத்திரி திறந்து கிடக்கும் தண்ணீர் சூட்டை மேலே விட்டுவிடும். முதலில் வேண்டியது மேலே இழுத்து மூட ஒரு விரிப்பு. ஒருநாள் அதைச் சொல்லியும் பார்த்தார். போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று முதலாளியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பிறகு அளவெடுக்க வந்தார்கள், திங்கட்கிழமை மச்சான், புதன்கிழமை தம்பி. ஒன்பது வருஷத்தில் குளத்துக்காரரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது இரண்டு பேரும் கேட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்தார். வில்லாவின் ஓட்டுக் கூரையில் தகடு வைத்தால் அழகு கெடும் என்று மச்சான் பின்பக்க மொட்டை மாடியைப் பார்த்தபோது, "ஒரு சொட்டு ஒழுகாது சார், நானே வருஷா வருஷம் பூசுறேன்" என்று பெருமையடித்தார். குழாய்க்கும் வால்வுக்கும் உள்ளே இடம் இருக்குமா என்று கேட்டதற்கு அறையைத் திறந்து காட்டினார். தம்பி வந்து, மெஷினுக்கு விருந்தாளி கண்ணில் படாத இடம் வேண்டும், காற்றுக்குச் சுவரில் பெரிதாக ஓட்டை போடவும் வேண்டும் என்றபோது, சுவரைத் தட்டிக் காட்டி ஈரமே ஏறாத சுவர் என்றார். நுணலும் தன் வாயால் கெடும். இவர் டேப்பையும் பிடித்துக் கெட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளி அவரை ஹாலுக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு வரைபடங்கள் விரித்திருந்தன. மச்சானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். எண்ணெய் விரலைத் தம்பி வரைபடத்து ஓரத்திலேயே துடைத்தார்.

முதலாளிக்கு அன்று நியாயவான் ஆகும் ஆசை வந்திருந்தது. "இவங்க ரெண்டு பேர்கிட்ட விட்டா இது முடியாது. தண்ணியோட பழகுறது நீங்கதான். சோலாரா, கரண்டா? நீங்க சொல்றதுதான் முடிவு" என்றார்.

குளத்துக்காரர் குனிந்து பார்த்தார். இரண்டு படத்திலும் குழாய் வேறு, கோடு வேறு, குளத்தின் நீளம்கூட வேறு. ஆனால் பம்பை ஒட்டிய சதுரத்துக்குள் இரண்டிலும் ஒரே இரண்டு வார்த்தைகள் இருந்தன. காலி அறை. எழுத்துக் கூட்டி இன்னொரு தரம் படித்தார். கட்டில், அடுப்பு, மனைவியின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் அப்படி எழுதியிருந்தார்கள். தம்பி அந்தக் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தவர்.

அவர் பார்வை போன இடத்தை முதலாளியும் கவனித்துவிட்டார். "அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. மருந்து ஷெட்டைக் கொஞ்சம் ஒழிச்சுட்டா ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம்" என்றார்.

மருந்து ஷெட் என்றால் குளோரின் பவுடரும் ஆசிட் கேனும் அடுக்கியிருக்கும் தகரக் கொட்டகை. கதவைத் திறந்தாலே கண் எரியும். அவர் மனைவிக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு. வாசலில் நின்று இவரைக் கூப்பிட்டாலே பத்து நிமிஷம் இருமுவாள். தண்ணீர் சூடானால் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஊறும், மருந்து இன்னும் அதிகம் வேண்டும், மூட்டை இரட்டிப்பாகும். அந்த மூட்டைகளுக்கு நடுவில் அவளைப் படுக்க வைக்க வேண்டும், யாரோ நாலு பேர் இளஞ்சூட்டில் நின்று வானத்தைப் பார்ப்பதற்காக. எதிரில் இருந்தவர்கள் மேலும் அருவருப்பு வந்தது, அறையைத் திறந்து காட்டிய தன் மேலும் வந்தது.

"சார், இவங்க ரெண்டு பேரும் ஒரு வாரமா எதுலயும் ஒத்துப்போகல" என்றார். "நாங்க இருக்கிற ரூம்ல ஆளே இல்லைங்கிறதுல மட்டும் ஒத்துப்போயிட்டாங்க."

மச்சான் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். அது படத்துக்காக எழுதுகிற வார்த்தை, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். ஆமாம், எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று தம்பி தலையாட்டினார்.

"தப்பா எடுத்துக்கல. என் பொண்டாட்டியை அந்த ஷெட்ல படுக்க வைக்க மாட்டேன். நாளைக்குள்ள ரூமை நெசமாவே காலி பண்ணிடுறோம். சோலாரோ கரண்டோ, எது வேணாலும் வெச்சுக்குங்க."

கோபத்தில் இப்படியெல்லாம் பேச வேண்டாம் என்று முதலாளி முணுமுணுத்தார். குளத்துக்காரர் திரும்பி நடந்தார். போகாதீர்கள் என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தார், அதைச் சொன்னால் வெட்கம். கூப்பிடாவிட்டாலும் ஒரு நிமிஷமாவது வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தார். வாசலில் செருப்பில் கால் நுழைவதற்குள் மச்சானின் குரல் கேட்டது.

"அப்பச் சரி அத்தான். ரூம் பிரச்சினை தீர்ந்துச்சு. இப்பச் சொல்லுங்க, தகடு எத்தனை போடலாம்?"

அறைக்குப் போனபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஹாலில் பேசியதில் பாதி சமையலறை ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டிருக்கிறது; பின்வாசல் வழியாக அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

"ஷெட்டுக்கு இல்லையே?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அவருக்கும் தெரியாது.